நோம்பி தினமும் வந்தால்: கொங்குப் பிள்ளைகளின் சாப்பாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு பள்ளியில் 26 வருடம் அறிவியல் டீச்சராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதிய மணி அடித்தால் வகுப்பெல்லாம் தயிர்ச்சோறு, எலுமிச்சை ஊறுகாய், பருப்புச்சோறு வாசம்தான். ஓய்வு பெற்ற வருடம் அதே வகுப்பில் நூடுல்ஸ் மசாலா மணமும் கெச்சப் மணமும். இப்போதும் கல்யாண வீட்டிலோ பஸ் ஸ்டாண்டிலோ பழைய மாணவிகள் பிடித்துக்கொண்டு தங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். நான் டாக்டர் அல்ல. டாக்டரிடம் போக வேண்டிய இடங்களில் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

நாங்களும் முறுக்கு, கச்சாயம், ஒப்புட்டு எல்லாம் தின்றுதானே வளர்ந்தோம்? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படிக் கெடுதல்?

தின்றோம்தான். கச்சாயம் என்பது அரிசி மாவும் வெல்லமும் கொதிக்கிற எண்ணெயும். வெறும் சத்துக் கணக்குப் பார்த்தால் பேக்கரி கிரீம் பன்னை விட அது பெரிய யோக்கியம் இல்லை. ஆனால் கச்சாயம் எப்போது சுட்டார்கள்? மாரியம்மன் நோம்பிக்கு (எங்கள் பக்கம் பண்டிகையை நோம்பி என்போம்), தீபாவளிக்கு, வீட்டில் ஒரு சீர் என்றால். அரிசி ஊறப்போட்டு, இடித்து, பாகு காய்ச்சி, நாலு பொம்பளைகள் அரைநாள் அடுப்படியில் உட்கார்ந்தால்தான் ஒரு டின் நிறையும். அந்த மெனக்கெடுதான் பிள்ளைகளுக்குப் போட்டிருந்த வேலி. வாரச் சந்தைக்குப் போன அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, ஒரு பொட்டலம் மிக்சரும் கொஞ்சம் பொரிகடலையும் வாங்கி வருவார். அதை வீட்டிலிருக்கிற அத்தனை பிள்ளைகளும் பங்கு போட்டுக்கொள்ளும். சண்டையில் பாதி கீழே கொட்டும்.

இன்று அந்த மிக்சர் 5 ரூபாய், 10 ரூபாய்ப் பாக்கெட்டாகிப் பள்ளி வேன் நிற்கும் இடத்திலேயே சரம் சரமாகத் தொங்குகிறது. பங்கு கேட்க ஆள் இல்லை, நாளும் கிழமையும் இல்லை. நோம்பி தினமும் வந்துவிட்டது. மறுநாள் அதைக் கரைக்கக் காட்டில் களை எடுக்கிற வேலையும் இல்லை, கிணற்றில் குதித்து நீந்துகிற விளையாட்டும் இல்லை.

கணக்காகவே சொல்கிறேன். ஒரு நாளில் நாம் சாப்பிடுகிற கலோரியில், சேர்க்கப்பட்ட சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னது. பழச்சாறிலும் தேனிலும் இருக்கிற சர்க்கரையும் இந்தக் கணக்கில் சேரும். 1,500 கலோரி தேவைப்படுகிற பிள்ளைக்கு 10 சதவீதம் என்பது 37 கிராம் சொச்சம், 5 சதவீதம் என்பது சுமார் 19 கிராம். கால் லிட்டர் கோலா பாட்டிலில் மட்டும் சுமார் 26 கிராம் இருக்கிறது. அப்புறம் அன்றைக்குக் குடிக்கிற பால், டீ, பிஸ்கட் எல்லாம் எந்தக் கணக்கில் சேரும்?

காலை 7 மணிக்கே வேன் வந்துவிடுகிறது. பையன் ஒரு டீயும் ரெண்டு வர்க்கியும் மட்டும் தின்றுவிட்டு ஓடுகிறான். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மனசு வரவில்லை. வர்க்கி மைதாவும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்தது. சீக்கிரம் ஜீரணமாகி, முதல் பீரியட் முடிவதற்குள் வயிறு மறுபடி கூப்பிடும். மூன்றாவது பீரியடில் தூங்கி விழுகிற பிள்ளைகளை எழுப்பி, "காலையில் என்ன சாப்பிட்டாய் சாமி?" என்று கேட்பேன். பத்தில் ஏழு பேர் இந்த டீ, வர்க்கி, ரஸ்க் பதிலைத்தான் சொல்வார்கள். டீயில் இன்னொரு கோளாறும் உண்டு. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் அதிலுள்ள டானின், சாப்பாட்டின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைத்துவிடும்.

பிள்ளைக்குக் காலையில் பசிக்கவே இல்லை என்பார்கள். எப்படிப் பசிக்கும்? ராத்திரி பத்து மணிக்கு டிவி முன்னால் சாப்பிட்டு, பதினொரு மணிக்குப் படுத்து, ஆறே காலுக்குத் தட்டி எழுப்பினால் எனக்கும்தான் பசிக்காது. ராத்திரிச் சாப்பாட்டை ஏழரை மணிக்கு நகர்த்திப் பாருங்கள். ரெண்டு வாரத்தில் காலைப் பசி தானாக வரும்.

மெல்ல நேரம் இல்லாத பிள்ளைக்கு நம் ஊரில் பழைய வழி ஒன்று இருக்கிறது. கம்மங்கூழில் மோர் விட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, ஒரு டம்ளர். அஞ்சு நிமிடத்தில் குடித்துவிடலாம். அது பிடிக்காத பிள்ளைக்கு அவித்த முட்டை ஒன்றும் வாழைப்பழம் ஒன்றும் கையில் கொடுத்தால் வேனிலேயே சாப்பிட்டுக்கொள்ளும்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, காய் போட்ட சாம்பாரோடு. மதியம் சத்துணவில் முட்டையும் உண்டு. லட்ச ரூபாய் பீஸ் கட்டுகிற பிள்ளை வெறும் வயிற்றோடு வேனில் தூங்கிக்கொண்டு போகிறது. வழியிலிருக்கிற அரசுப் பள்ளியில் அதே வயசுப் பிள்ளை சூடாகப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

பொண்ணுக்குக் கழுத்தைச் சுற்றிக் கருப்பாக இருக்கிறது. பச்சைப்பயறு மாவு தேய்த்தும் போகவில்லை. என்ன செய்யலாம்?

தேய்ப்பதை நிறுத்துங்கள், அது அழுக்கு இல்லை. கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் துணி மாதிரி கருத்துப்போவது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். எடை கூடிய பிள்ளைகளிடம் இது அதிகம். சர்க்கரை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் போக இன்சுலின் வேண்டும். செல்கள் அதற்குச் செவி கொடுக்காதபோது கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. அப்படி மிஞ்சுகிற இன்சுலின் தோல் செல்களை வளரத் தூண்டுகிறது. நாற்பது வயசில் வந்துகொண்டிருந்த சர்க்கரை நோய்க்கு, பதினைந்து வயசிலேயே பாதை போடுகிற வேலை இது. குழந்தைகள் டாக்டரிடம் காட்டி ரத்தம் பாருங்கள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு சுலபமான அளவு உண்டு. ஐந்து வயசு தாண்டிய பிள்ளையின் வயிற்றுச் சுற்றளவு, உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 140 சென்டிமீட்டர் உயரம் என்றால் 70க்குள். தையல்கார டேப் போதும்.

ஆனால் பட்டினி போடாதீர்கள், "குண்டு" என்று கூப்பிடாதீர்கள். வளர்கிற பிள்ளைக்கு எடை குறைவதை விட, எடை அப்படியே நின்று உயரம் கூடுவதுதான் பெரும்பாலும் டாக்டர்கள் எதிர்பார்ப்பது. "கொழுத்தவனுக்குக் கொள்ளு, இளைத்தவனுக்கு எள்ளு" என்று சொல்லிக் கொள்ளு ரசம் வைத்துத் தருகிறார்கள். கொள்ளு அருமையான பயறு, 100 கிராமில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. ஆனால் ரசத்தில் அது எத்தனை வரும்? கொள்ளுப் பருப்பாகக் கடைந்து, சோற்றைக் கொஞ்சம் குறைத்து, அதைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் அர்த்தம் உண்டு. சாயங்காலம் பப்ஸ் தின்றுவிட்டு ராத்திரி கொள்ளு ரசம் குடித்தால் பப்ஸ் கரைந்து போகாது.

எங்கள் வீட்டில் மாடு இருக்கிறது, பால் நிறையக் குடிக்கிறாள். அப்படியும் ரத்தம் கம்மி என்கிறார் டாக்டர். எப்படிங்க டீச்சர்?

பாலே ஒரு காரணமாக இருக்கலாம். பாலில் சுண்ணாம்புச்சத்து உண்டு, இரும்பு கிட்டத்தட்ட இல்லை. சின்னப் பிள்ளை ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடித்தால் வயிறு நிறைந்து சோறும் பயறும் கீரையும் உள்ளே போகாது. இருக்கிற கொஞ்ச இரும்பு உடம்பில் சேர்வதையும் பாலின் சுண்ணாம்புச்சத்து குறைக்கிறது. ரத்தசோகை ஏழை வீட்டு வியாதி என்று யாரும் நினைக்க வேண்டாம். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயசு வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது.

அடையாளம் தெரிய வேண்டுமா? கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் வெளிறி இருக்கும். ஓடினால் சீக்கிரம் மூச்சு வாங்கும். சில பிள்ளைகள் ஒளிந்துகொண்டு பச்சரிசி, மண், சாக்பீஸ் தின்னும். என் வகுப்பில் ஒரு பொண்ணு சாக்பீஸ் தின்றதற்காக நான் அடித்திருக்கிறேன். அது வியாதியின் அடையாளம் என்று அப்போது எனக்கே தெரியாது. இன்றைக்கும் நினைத்தால் உறுத்துகிறது.

செய்ய வேண்டியது: பாலைக் காலை ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள். கம்பு, தட்டைப்பயறு, கொள்ளு, முருங்கைக்கீரை, கறி, ஈரல் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். பயறு, கீரை சாப்பிடும்போது கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். தோட்டத்தில் செருப்பில்லாமல் திரிகிற பிள்ளைக்குக் கொக்கிப்புழு தொற்றிக்கொள்ளும், அது குடலில் ரத்தம் உறிஞ்சும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தருகிற குடற்புழு மாத்திரையை "வெறும் மாத்திரை" என்று தட்டிக் கழிக்காதீர்கள். ரத்த அளவு ரொம்பக் குறைவாக இருந்தால் சாப்பாடு மட்டும் போதாது. டாக்டர் எழுதித் தருகிற இரும்பு மருந்தை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் அரிசியை விட்டுவிட்டுச் சிறுதானியத்துக்கே மாறிவிடலாமா?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து, அரிசியில் 10 கூட இல்லை. கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு, தீட்டிய அரிசியில் ஒன்றுக்கும் கீழே. வாரத்தில் மூன்று நாலு வேளை ராகிக்களியோ கம்பஞ்சோறோ வந்தாலே வித்தியாசம் தெரியும். ராகி பிஸ்கட், கம்பு நூடுல்ஸ் வாங்குகிறவர்கள் மட்டும் பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். முதல் பெயர் மைதா என்றால் அது மைதா பிஸ்கட்தான், அட்டையில் எத்தனை ராகிக் கதிர் வரைந்திருந்தாலும்.

வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டோம். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைதான். எவ்வளவு போட்டாலும் பயமில்லைதானே?

பயம் உண்டு. ருசியில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, கொஞ்சம் தாது உப்பும் இருக்கிறது. ஆனால் பெரும்பங்கு அதே சர்க்கரைதான். பிள்ளையின் பல்லுக்கும் கணையத்துக்கும் கவுந்தப்பாடி தெரியாது.

டிவியில் வருகிற ஹெல்த் டிரிங்க் பவுடர் கொடுத்தால் உயரமாக வளருவானா?

உயரம் பெரும்பாலும் அப்பா அம்மாவிடமிருந்து வருவது. மிச்சம் சாப்பாடு, தூக்கம், அடிக்கடி நோய் வராமல் இருப்பது. "ஹெல்த் டிரிங்க்" என்று ஒரு வகையே நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. அதனால் 2024 ஏப்ரலில் மத்திய அரசு, ஆன்லைன் கடைகள் அந்தத் தலைப்பின் கீழ் இந்த வகைப் பானங்களை விற்கக் கூடாது என்று சொன்னது. டப்பாவைத் திருப்பி 100 கிராமில் சர்க்கரை எத்தனை என்று பாருங்கள், அதற்கப்புறம் என்னிடம் கேட்க மாட்டீர்கள். அந்தக் காசுக்கு மாதம் முழுக்க நாமக்கல் முட்டை வாங்கலாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம்.

பிராய்லர் கோழி சாப்பிடுவதால்தான் பொண்ணுங்கள் ஒன்பது வயசிலேயே பெரியவளாகிறார்கள் என்கிறார்களே?

பல்லடம், உடுமலைப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிற சொந்தக்காரர் இல்லாத குடும்பம் நம்மில் குறைவு. அவர்களையே கேட்டுப் பாருங்கள், ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு யார் உட்கார்ந்து ஹார்மோன் ஊசி போடுவது? வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் மற்றப் புரதம் மாதிரி ஜீரணமாகிவிடும். ஒவ்வொரு கோழிக்கும் விடாமல் ஊசி போட்டால் செலவு கோழி விலையைத் தாண்டும். பிராய்லர் 40 நாளில் ரெண்டு கிலோ வருவது, பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் சேர்த்ததாலும் தீவனத்தாலும். நம் ஆட்கள் காங்கேயம் காளையைத் தேர்ந்து வளர்த்த அதே வேலைதான், அங்கே இழுவை, இங்கே சதை.

சரி, அப்போது சீக்கிரம் வயசுக்கு வருவது ஏன்? உடம்பில் கொழுப்பு ஒரு அளவைத் தாண்டும்போது லெப்டின் என்ற சுரப்பு, உடம்பு தயார் என்று மூளைக்குத் தகவல் சொல்கிறது. எடை கூடிய பெண் பிள்ளைகள் சீக்கிரம் பருவமடைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கோழியை விட, கோழியைப் பொரிக்கிற எண்ணெயும் கூட வருகிற பாட்டிலும்தான் சந்தேகப்பட வேண்டிய ஆட்கள். எட்டு வயசுக்கு முன் பெண் பிள்ளைக்கு மார்பு வளர ஆரம்பித்தால், ஒன்பதுக்கு முன் பையனுக்கு மாற்றம் தெரிந்தால், அதைச் சும்மா விடக் கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பிராய்லரைப் பற்றி நியாயமான கவலை ஒன்று உண்டு. அது ஆன்டிபயாடிக். அளவில்லாமல் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகும். கொலிஸ்டின் என்கிற மருந்தை உணவுக்கு வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019ல் மத்திய அரசு தடை போட்டது இதற்காகத்தான். நன்றாக வேகவைத்துக் குழம்பாகவோ பள்ளிபாளையம் வறுவலாகவோ வாரம் ஒரு நாள் போட்டால் ஒன்றும் ஆகாது.

ரோட்டுக்கடைக் காளான் வாங்கித் தரலாமா?

எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் காளானைத் தேட வேண்டும். முட்டைக்கோசு, மைதா, சோளமாவு, எண்ணெய், ஒரு கை கலர். மாதம் ஒரு தடவை என்றால் திட்ட மாட்டேன். பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி என்கிற துணிச்சாயம் இருப்பது தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்தது. பளீரென்று அடிக்கிற ரோஸ் நிறம் எதில் இருந்தாலும் அந்த நினைப்பு வரட்டும். கபடி ஆடுகிற பையன்கள் 20 ரூபாய் எனர்ஜி டிரிங்க் குடிப்பதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். அதில் காபின் இருக்கிறது, குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று பாட்டிலிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். ஆட்டத்துக்கு அப்புறம் உப்புப் போட்ட மோரோ இளநீரோ போதும்.

செல்போன் காட்டினால்தான் வாய் திறக்கிறான். இதனால் கண் கெடுமா?

கண் ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் வயிறு. படம் பார்த்துக்கொண்டே தின்கிற பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. ரெண்டு வயசுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயசு வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கண்ணுக்கு வருவோம். தூரப்பார்வை மங்கிக் கண்ணாடி போடுகிற பிள்ளைகள் பெருகியதற்குக் கிட்டத்துப் பார்வை வேலை ஒரு காரணம், வெயில் படாதது இன்னொரு காரணம். வெளிச்சத்தில் இருக்கும்போது விழித்திரையில் டோபமின் என்கிற ரசாயனம் சுரக்கிறது, அது கண்விழி தேவைக்கு மேல் நீளாமல் பிடித்து வைக்கிறது. தைவானில் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே விடுகிற திட்டமே போட்டார்கள். நம் ஊரில் திட்டம் எதற்கு, களம் இருக்கிறது. கிட்டிப்புள்ளும் பம்பரமும் கற்றுக்கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.

பத்தாவது படிக்கிற மகனை ஹாஸ்டலில் சேர்த்திருக்கிறோம். காலை நாலரை முதல் ராத்திரி பதினொன்று வரை படிப்பு. உடம்பு தாங்குமா?

தாங்காது. 13 முதல் 18 வயசு வரை 8 முதல் 10 மணி நேரம், 6 முதல் 12 வயசு வரை 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்கள் சொல்கிற அளவு. ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கும், அன்று படித்ததும் மனசில் பதியும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டுகிற சுரப்பு கூடி, இனிப்பையும் எண்ணெயையும் தேடும். விடுதிப் பையன்கள் வீட்டுக்கு வந்ததும் பேக்கரியில் நிற்பது ஆசையால் மட்டும் இல்லை. விடுதியில் சேர்ப்பதற்கு முன் மார்க் கேட்கிற மாதிரி, எத்தனை மணிக்கு விளக்கு அணைப்பார்கள் என்றும் கேளுங்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு பையனுக்காக நான் போய்க் கேட்டேன், ஏற இறங்கப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ரெண்டு பேரும் பனியன் கம்பெனி. ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்தால் சமைக்கத் தெம்பில்லை. பரோட்டா பார்சல்தான். இதற்கு என்ன சொல்வீர்கள்?

உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்றரை ஷிப்ட் முடித்தவரிடம் கம்பு குத்தச் சொன்னால் அது பாவம். நம் பாட்டிகள் இதற்காகவே கண்டுபிடித்த மாதிரி இருக்கிறது அரிசியும் பருப்பும். குக்கரில் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு தாளித்து, அரிசியும் துவரம்பருப்பும் தக்காளியும் போட்டு மூடினால் அரை மணி நேரத்தில் சோறு. கேரட், பீன்ஸ் இருந்தால் அதையும் போடுங்கள். அரிசிப் புரதத்தில் குறைவது லைசின், பருப்பில் குறைவது மெத்தியோனின்; இவை புரதத்தைக் கட்டுகிற அமினோ அமிலங்கள். அரிசியும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். மேலே ஒரு கரண்டி நெய், ஓரத்தில் ஒரு முட்டை. ஞாயிற்றுக்கிழமை மாவு ஆட்டி வைத்தால் இன்னும் மூன்று நாள் ஓடும். மிச்சம் ஒரு நாள் பரோட்டாவே வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மா அப்பா ஒழுங்காக இருந்தாலும் அப்புச்சி பாக்கெட் வாங்கிக் கொடுத்துக் கெடுத்துவிடுகிறார். அவரிடம் எப்படிச் சொல்வது?

இது என் வீட்டுக் கேள்வி. என் மகள் வயிற்றுப் பேரனுக்கு என் வீட்டுக்காரர்தான் அப்புச்சி. பேரன் வந்தால் ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு கடைக்குப் போவார், திரும்பும்போது பையன் கையில் மாங்காய் ஜூஸ் டப்பாவும் சிப்ஸ் பாக்கெட்டும். சொல்லிப் பார்த்தேன், "நான் என்ன விஷமா வாங்கித் தர்றேன்?" என்று முகம் சுருங்கிவிட்டது. அவருக்கு வேண்டியது பேரனோடு கடைக்குப் போகிற அந்தப் பத்து நிமிடம்தான் என்று எனக்குப் புரியவே ஆறு மாதம் ஆயிற்று. அப்புறம் நான் தடை போடவில்லை, கடையை மாற்றினேன். சந்தையில் கொய்யாப்பழம் பொறுக்குவது பேரன் வேலை, பேரம் பேசுவது அப்புச்சி வேலை. வரும் வழியில் ரெண்டு கடலை உருண்டை.

இப்போது பரவாயில்லை. போன வாரம் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் காலி சிப்ஸ் பாக்கெட் ஒன்று கிடைத்தது. யார் தின்றது என்று கேட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.